தற்கொலையும் காண்பார் கடனும்

பலர் கூடும் பொதுவிடத்தே ஒருவர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொள்வாராயின், அக்குற்றம் அவரொருவரையே சாருமோ, கண்டாரையும் எழுதினாரையும் சாருமோ என்பது ஆராயற்பாலது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றானும் வினை நிகழும் என்பது சைவர் துணிபு. ஆகலின் காண்டலும் எழுதலும் பயன்தராது ஒழியா.

ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரின் சுரங்க இருப்புப்பாதை 1978-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஆங்கு உயிர்துறப்பார் தொகை பெருகிற்று. செய்தித்தாள்கள் அவ்விறப்புக்களை நிகழ்ந்த முறையோடு விரித்து, நாடகம்போற் புனைந்தெழுதின. 1987-ஆம் ஆண்டில் தற்கொலைத் தடுப்புக் கழகத்தார் எழுதுமுறை வகுத்தளித்தனர், தாள்களும் இசைந்தன. அவ்வாண்டின் முற்பாதியை நோக்கப் பிற்பாதியில், அப்பாதையில் நிகழ்ந்த தற்கொலைகளும் முயற்சிகளும் நூற்றுக்கு 80-க்கு மேற் குறைந்தன. எழுத்து உயிரைப் போக்கவும் காக்கவும் வல்லதாதல் இதனான் விளங்கும்.

அற்றேல், இறக்கத் துணிந்தாரை ஓரிடத்துத் தடுப்பின் வேறிடத்து இறப்பர். தடுத்தலாற் பயனென்னை எனின், அது பொருந்தாது. அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்துக் காக்கப்பட்டோர் 515 பேரின் பிற்கால நிலையை ரிச்சர்டு சைடன் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டார். அவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பேர் உயிரோடிருந்தனர். அன்றி, இயற்கையாக இறந்திருந்தனர். எனவே, துணிவெனத் தோன்றியது பெரும்பாலார்க்கு ஒருபொழுதைத் துயர்வேகமே என்க.

இஃது அறிந்தும் உலகர் செய்தது யாது? பாலத்தின் அழகு கெடும், பொருள் செலவாம் என்று தடுப்பமைப்பை நெடுங்காலம் மறுத்தனர். 1995-இல் இறந்தார் தொகை ஆயிரத்தை அணுகியபொழுது, செய்தியாளர் அதனைப் பந்தயம்போல் எண்ணலாயினர்; அதுகண்டு காவற்றுறையினர் தொகை கூறுதலையே நிறுத்தினர். பாலத்தின்கீழ் வலை அமைத்து முடிந்தது 2024-ஆம் ஆண்டிலே.

இனி, மறைத்தலே அறமென்று கொள்ளற்க. நிகழ்ந்த முறையை விரியாது, இறந்தாரை இகழாது, புகழவும் செய்யாது, துயர் கடந்து வாழ்ந்தார் செய்தியையும் துணைபெறும் வழியையும் எழுதுதலே எழுதுவார் கடன். காண்பாரும் வேடிக்கைக்குக் கூடிநில்லாது, படம் பிடியாது, காவலரை அழைத்து, இன்சொல்லால் அவரை நிறுத்தி வைத்தல் வேண்டும். மானிடப் பிறவி பெறுதற்கரியது. பிறர்க்குக் கிட்டிய அப்பேறு ஒரு நொடித் துயரால் அழியாமற் காத்தலும் உயிரிரக்கமேயாம்.