கசிவும் கடமையும்

நீராவி இல்லாதிருந்தால் பினாங்குத் தமிழரின் வரலாறு வேறு விதமாக அமைந்திருக்கும். 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் முன்னோரைச் சுமந்து வந்து பினாங்குத் துறைமுகத்தில் இறக்கிய 'ரஜூலா' ஒரு நீராவிக் கப்பல். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோருள் எத்தனை பேர் கீழே கொதிகலனின்மேல் அமர்ந்திருந்த சிறு வால்வைப் பற்றி எண்ணியிருப்பர்? எண்ண வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. அதனை எண்ணுவதற்கென்றே கீழே ஆள் அமர்த்தப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டைத்தான் நாம் நம்பிக்கை என்கிறோம். அந்த வால்வு பழுதாகும்போது பழி யாரைச் சாரும் என்பதே ஈண்டு ஆராயப் புகும் வினா.

வால்வு எவ்வாறு கெடுகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மூடிய வால்வின் தட்டு, தன் இருக்கைமீது மயிரிழை இடைவெளியுமின்றி அமர வேண்டும். துருத்துகள் ஒன்று நடுவில் அகப்பட்டால் போதும். அந்த இடுக்கின் வழியே உயர் அழுத்த நீராவி சீறிப் பாயும். நீராவியில் கலந்து வரும் நீர்த்துளிகள் எஃகையும் அரித்துக் கோடு கிழிக்கும். கோடு பள்ளமாகும், பள்ளம் ஆழமாகக் கசிவு பெருகும், பெருகிய கசிவு பள்ளத்தை மேலும் ஆழமாக்கும். முழுதும் திறந்த வால்வுக்கும் முழுதும் மூடிய வால்வுக்கும் இத்துன்பம் குறைவு. மூடியும் மூடாமலும் நிற்பதே விரைவில் கெடுகிறது. (மனிதருள்ளும் அத்தகையோர் உளர், அது வேறு கட்டுரைக்குரியது.) அணுமின் நிலையத்தில் இத்தேய்மானம் கூடுதல் அச்சம் தருவதற்குக் காரணம் உண்டு. அங்கே அடுப்பை அணைத்த பின்னரும் அனல் தணிவதில்லை. அணுப்பிளவு நின்ற பிறகும் எரிபொருளில் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள நீர் வற்றினால் அது உருகத் தொடங்கும்.

1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் விடியற்காலை நான்கு மணியளவில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் நீரூட்டும் எக்கிகள் நின்றன. அழுத்தம் உயர்ந்தது; அதனைத் தணிக்கும் வால்வு திறந்தது. சில வினாடிகளில் மூடியிருக்க வேண்டிய அவ்வால்வு மூடவில்லை. ஆயினும் கட்டுப்பாட்டறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. அவ்விளக்கு காட்டியது 'மூடு' என்னும் ஆணை சென்றதையே. வால்வு மூடியதை அன்று. ஆணையிட்டவுடன் பணி முடிந்ததாகக் கருதும் மேலதிகாரிகளை நாம் கண்டதில்லையா? அவ்விளக்கும் அவர்தம் இனத்தைச் சேர்ந்ததே. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக நீர் வெளியேறிற்று. உலையின் மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

விளக்கைவிட என் நெஞ்சை மிகுதியும் உறுத்துவது வேறொன்று. வால்வின் வழியே வெளியேறும் குழாய் அளவு மீறிச் சூடேறினால் அடுத்துள்ள தடை வால்வை மூடிவிட வேண்டும் என விதி இருந்தது. ஆனால் அங்கு முன்பே ஒரு சிறு கசிவு இருந்தது. குழாய் வழக்கமாகவே சூடாயிருந்தது. ஆதலின் அன்று எழுந்த எச்சரிக்கை பழகிய முகத்தோடு வந்தது. எவரும் அதனை ஐயுறவில்லை. பதினெட்டுத் திங்களுக்கு முன், 1977 செப்டம்பர் 24இல், ஓகையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்திலும் இத்தகைய வால்வு திறந்தபடியே நின்றதுண்டு. உலை குறைந்த ஆற்றலில் ஓடியதால் அங்கே பெருங்கேடு நேரவில்லை. உலையைச் செய்தளித்த நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் அதன்பின் எழுதிய எச்சரிக்கைக் குறிப்பு, ஏனைய நிலையங்களில் பணியாற்றியோரைச் சென்றடையவில்லை.

மலேசியாவில் அணுமின் நிலையம் இல்லையே, நமக்கென்ன என்று கேட்கலாம். 2011இல் அதற்கெனக் கழகம் அமைத்து, 2018இல் அவ்வெண்ணத்தைக் கைவிட்ட நம் நாடு, 2025இல் வெளியான பதின்மூன்றாவது மலேசியத் திட்டத்தில் அதனை மீண்டும் எண்ணிப் பார்க்கிறது. அன்றியும், இவ்வினா தமிழ் மண்ணிலேயே ஒருமுறை எழுந்துள்ளது.

2003ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், கல்பாக்கத்தில் உள்ள அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையில், குறைந்த கதிர்வீச்சுக் கழிவிலிருந்து மாதிரி எடுக்கத் தொழிலாளர் சிலர் சென்றனர். அங்கே நீராவி இல்லை. ஆனால் வால்வின் கடமை ஒன்றே. கொடிய கழிவைத் தடுத்து நிறுத்த வேண்டிய வால்வு ஒன்று பழுதாகியிருந்ததை அவர்கள் அறியார். தொடங்கி ஐந்தாண்டு ஆகியிருந்தும், அப்பகுதியில் கதிர்வீச்சை உணர்த்தும் கருவியோ வால்வின் பழுதைக் காட்டும் கருவியோ பொருத்தப்படவில்லை. ஆறு பேர் மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். பல மாதங்களுக்குப் பின்னர், இந்திய அணுத்துறை வரலாற்றில் கதிர்வீச்சுக்கு ஆளான விபத்துகளுள் இதுவே மிக மோசமானது என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தலைமை ஒப்புக்கொண்டது. ஆயினும் காரணமாகக் கூறப்பட்டது தொழிலாளரின் மிகை ஆர்வமும் கணிப்புப் பிழையுமே. கதிர்வீச்சை அளக்கும் பட்டையை அணியவில்லை என்றும் அவர்கள்மீது குறை கூறப்பட்டது.

அப்பட்டையை அணிய வேண்டியது கடமையே; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது பட்ட அளவைப் பின்னர்க் கூறுமேயன்றிப் படுமுன் எச்சரிக்காது. கருவி பொருத்த ஐந்தாண்டு வாய்ப்பிருந்தவரையும், மாதிரிக் குப்பியைக் கையில் எடுத்த சில நிமிடம் மட்டுமே வாய்ப்பிருந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்தல் எவ்வாறு நீதியாகும்? பழி எப்போதும் கடைசிக் கையைத் தேடிச் செல்கிறது. ஏனெனில் அக்கைதான் காயத்தோடு கண்ணுக்குத் தெரிகிறது.

ஒவ்வொரு துளிக்கும் ஆலையை நிறுத்தினால் விளக்கு எரியுமா என வினவுவோர் உண்டு. நியாயமான வினா. கசியாத ஆலை உலகில் இல்லை. ஆனால், 'இக்கசிவை இன்ன நாள் வரை பொறுத்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் பெயரெழுதிக் கையொப்பமிட்டால், அது கசிவாகவே நினைவில் நிற்கும். எவரும் கையொப்பமிடாதபோதுதான் அது ஆலையின் இயல்பாகிவிடுகிறது. அதன் அருகில் நின்று வேலை செய்பவருக்கும் அது தெரிவிக்கப்படுதல் வேண்டும். பொறுத்துக்கொள்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்றால், அங்கே நடப்பது பொறுமையன்று. பிறர் உடலை ஈடு வைத்துப் பெறும் கடன்.

கல்பாக்கம் ஊழியர் சங்கம் இதனை விரைவில் உணர்ந்திருந்தது. விபத்து நேர்ந்த மூன்றாம் நாளே, சனவரி 24இல், அது நிருவாகத்திற்குப் பத்துக் கோரிக்கைகள் கொண்ட கடிதம் எழுதிற்று. அவற்றுள் ஒன்று, முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது.