கொல்லை ரம்புத்தான்

மலேசியாவின் பகாவ் தோட்டப் பக்கம் ரம்புத்தான் காலம் வந்தால், கொல்லையில் பழுப்பது பாதி எறும்புக்கும் வௌவாலுக்கும்தான். சந்தை விலையும் படுத்துவிடும். டொராண்டோவில் 2008இல் தொடங்கிய தன்னார்வக் குழு ஒன்று, இப்படி வீணாகும் கொல்லைப் பழத்துக்கு வழி சொல்கிறது: மரத்துக்காரருக்கு ஒரு பங்கு, பறித்தவருக்கு ஒரு பங்கு, பசித்தவருக்குச் சோறு போடும் இல்லங்களுக்கு ஒரு பங்கு. நியாயமான கணக்கு. ஆனால் ரம்புத்தான் ஆப்பிள் இல்லை. பறித்த இரண்டு மூன்று நாளில் முடி கறுத்துத் தோல் காய்ந்துவிடும். ஆகவே ஆள் சேர்க்குமுன், வாங்கிக்கொள்ளும் இல்லத்தைக் கேட்டு நாள் குறியுங்கள். துறட்டியால் காம்போடு கொத்தாக அறுங்கள். முதியோர் இல்லத்துக்கென்றால் கொட்டையை விட்டுக் கழலும் இனமாகப் பாருங்கள். நாலு கூடை, இரண்டு மோட்டார் சைக்கிள் இருந்தால் போதும். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.