மேடையில் ஒப்புக்கொண்ட கடன்

அரபு மொழியில் ‘ஹக்கு’ என்னும் ஒரே சொல் உண்மையையும் குறிக்கும், உரிமையையும் குறிக்கும். பிறர்க்கு உரியதைக் கொடாது வைத்திருப்பவன் பொய்யிலும் வாழ்கிறான் என்பதை அம்மொழி சொல்லாமல் சொல்லுகிறது. தமிழிலும் ‘உரிமை’ என்பது ‘உரியது’ என்பதோடு ஒரு வேரினது. தருபவர் ஒருவர் வேண்டும் என்னும் குறிப்பே அதில் இல்லை. ‘சலுகை’ என்று சொன்னாலோ தருபவர்தான் முன்னே வந்து நிற்கிறார். இவ்விரண்டையும் கலந்து பேசுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. ஆகவே ஒரு வினாவை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமையைக் குறித்து ஒரு நாட்டுத் தலைவர் ஊரறியப் பேசுகிறாரே, அப்பேச்சு என்ன வகைச் செயல்? கொடையா, கடனடைப்பா, அன்றி வெறுங் காற்றா?

பூவிருந்தவல்லியும் அம்பத்தூரும் ஆவடியும் சூழ்ந்த நமது வட்டாரத்திலேயே இவ்வினாவுக்கு ஓர் இடம் உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபையின் 60ஆவது மாநாடு ஆவடியில் கூடிற்று. தேபர் தலைமை வகித்தார். நேரு பிரதமராகவும் காமராஜர் சென்னை மாநில முதலமைச்சராகவும் இருந்த காலம் அது. ‘சோஷலிச மாதிரிச் சமுதாயம்’ என்னும் சொற்றொடர் நாடெங்கும் பரவியது அம்மாநாட்டுத் தீர்மானத்தால்தான். முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும், நாட்டின் செல்வம் நீதியாகப் பங்கிடப்படல் வேண்டும் என்று அது கூறிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் நாடாளுமன்றத்தின் தீண்டாமைக் குற்றச் சட்டம் பிறந்து, ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி பேருந்தில் வெள்ளையர்க்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். அங்கு மூண்ட பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது.

இரு நாடுகளையும் நாம் வலிந்து இணைக்கவில்லை. அப்புறக்கணிப்பை நடத்திய மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்கத் தீண்டாதாருள் ஒருவர் என்று அவரை மாணவர்க்கு அறிமுகம் செய்துவைத்தார். முதலில் திடுக்கிட்டு மனம் கசந்ததையும், பின்னர் எண்ணிப் பார்த்து அது மெய்யே என்று தெளிந்ததையும் கிங் 1965இல் தாமே எடுத்துரைத்தார்.

இனி வினாவுக்கு வருவோம். நமது ஃபிக்ஹு நூல்களில் ‘இக்றார்’ என்று ஒரு தனிப் பாடம் உண்டு. தன்மீது பிறர்க்குள்ள கடமையை ஒருவன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளுதல் இக்றார் எனப்படும். அது புதிதாக ஒரு கடனை உண்டாக்குவதன்று. முன்பே உள்ள கடனை வெளிப்படுத்துவது. அதனால் கடன் தீர்ந்துவிடுவதுமில்லை. ஆயினும் கடன்காரனின் நிலை அக்கணமே மாறிவிடுகிறது. இறைவனுக்குரிய தண்டனைகளில் ஒப்புதலைப் பின்வாங்கிக்கொள்ள இடமுண்டு. மனிதர்க்குரிய ஹக்கில் அவ்வாறு பின்வாங்க இடமில்லை என்பர் நூலோர். தலைவரின் மேடைப் பேச்சு இவ்வகை இக்றார் என்பதே நமது கருத்து. அதைக் கொடையென்று கொண்டாடுவோரும் காற்றென்று தள்ளுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். கைக்கு வந்த சான்றை இருவருமே நழுவ விடுகின்றனர்.

இதை நன்கறிந்தவர் செங்கல்பட்டுச் சீமையில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனார். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றில் எவ்வகுப்பினரையும் தடுத்தல் ஆகாது என்னும் தீர்மானத்தை அவர் கொணர்ந்து நிறைவேற்றினார். அமெரிக்கக் குடியுரிமைச் சட்டத்துக்கு 40 ஆண்டுகள் முந்தியது இது. பொதுப்பணத்தில் போட்ட சாலையில் நடப்பதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருந்ததே என்று நாம் வியக்கலாம். ஆனால் அது எழுத்தில் ஏறியபின், தடுப்பவன் அரசின் ஒப்புதலுக்கு எதிரே நின்று தடுக்க வேண்டியவனானான்.

அமெரிக்காவில் நடந்ததும் இத்தகையதே. கென்னடி ஈராண்டுக்கு மேல் தயங்கியபின், 1963 ஜூன் 11 இரவு தொலைக்காட்சியில் தோன்றி, இது அறநெறிச் சிக்கல் என்று நாட்டுக்கு அறிவித்தார். அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், மிசிசிப்பி மாநிலத்தில் மெட்கர் எவர்ஸ் என்னும் கறுப்பினத் தலைவர் தம் வீட்டு வாசலில் சுடப்பட்டு மாண்டார். ஒப்புதலுக்கும் அடைப்புக்கும் இடையே எத்துணை இரத்தம் சிந்தக்கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 28இல் கிங் ஆற்றிய உரையில் கனவைப் பற்றிய பகுதியையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதன் முற்பகுதியோ முழுக்கவும் கணக்குப் பேச்சு. நாட்டை நிறுவியோர் எழுதித்தந்த கடன்பத்திரத்தைக் காசாக்க வந்திருப்பதாகவும், தம் மக்களுக்குக் கிடைத்த காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டதாகவும் அவர் கூறினார். நம் வணிகக் குடும்பத்தார்க்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவர் கடனை அடைக்கவேண்டும் என்பது நாமறிந்த சட்டம். அடுத்து வந்த ஜான்சன், ஐந்தாம் நாள் நாடாளுமன்றத்தில் நின்று, மறைந்தவருக்குச் செய்யும் சிறந்த மரியாதை அவர் விட்டுச்சென்ற மசோதாவை நிறைவேற்றுவதே என்றார். 1964 ஜூலை 2இல் அது சட்டமாயிற்று. வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்டில் வந்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு. இந்த ஜான்சன் 1937 முதல் இருபதாண்டுகள் இத்தகைய மசோதாக்களை எதிர்த்தே வாக்களித்தவர். அரசியல் ஆதாயத்துக்காக மாறினார் என்பார் உண்டு. 1965 மார்ச் 15 உரையில் அவர் இன்னொன்றையும் சொன்னார். 1928இல் டெக்சாசின் கொட்டுல்லா என்னும் சிற்றூரில் ஏழை மெக்சிகோ வம்சப் பிள்ளைகளுக்குத் தாம் பாடம் சொல்லிக்கொடுத்ததையும், அவர்கள் பசியோடு வகுப்புக்கு வந்ததையும் நினைவுகூர்ந்தார். ஆசிரியத் தொழில் பார்க்கும் நமக்கு அப்பகுதியைப் படிக்கையில் நெஞ்சு இளகத்தான் செய்கிறது. அவர் உள்ளத்தில் எது மேலோங்கியிருந்தது என்று சொல்ல நம்மால் ஆகாது. சொல்லவேண்டியதும் இல்லை. தொழுகைக்கு நிய்யத் இன்றியமையாதது. கடனைத் திருப்பித் தருவதற்கு அது நிபந்தனையன்று. புகழ்நாடித் தந்தாலும் கடன் தீர்ந்தது. நற்கூலி கிடைக்குமா என்பது தந்தவனுக்கும் அவன் இறைவனுக்கும் இடையிலான விவகாரம். தலைவர்களின் உள்ளந்தூய்மையை ஆராய்வதில் நாம் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, வரவேண்டியது வந்ததா என்று எண்ணிப் பார்ப்பதில் செலவிடலாம்.

அவ்வாறு எண்ணினால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெருங்குறை தென்படும். கடை, கிணறு, சாலை, கோயில் என்று அது பலவற்றை அடுக்கிற்று; தடுப்போர்க்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்றது. ஆனால் வழக்கை இரு தரப்பாரும் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் இடம் வைத்திருந்தது. தவறிழைக்கப்பட்டவர் மன்னிக்கலாம் என்பது நல்ல நெறியே. ‘ஹுகூகுல் இபாத்’ என்னும் மனிதர் உரிமைகளில் மன்னிக்கும் அதிகாரம் அவர்க்கே உண்டு. ஆயினும் கட்டாயத்தின் கீழ் தந்த மன்னிப்பு செல்லாது என்பதும் அதே நூல்களில் உள்ளது. நாளை அதே பண்ணையாரின் வயலில் கூலிக்கு நிற்கவேண்டியவன் இன்று தரும் மன்னிப்பு எத்தகையது? ஆவடித் தீர்மானம் பேசிய செல்வப் பங்கீடும் இச்சட்டம் பேசிய மானமும் ஒன்றையொன்று தாங்கவேண்டியவை என்பது இங்குதான் விளங்குகிறது. 1963இல் வாஷிங்டனில் திரண்ட பேரணியும் வேலை, விடுதலை என்னும் இரண்டையுமே கேட்டது. 1976இல் நமது சட்டம் திருத்தப்பட்டு, குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரைப் பெற்றது. சமாதான வழியும் அடைபட்டது. அதற்குள் இருபத்தொரு ஆண்டுகள் கடந்துவிட்டன. நடுவே, 1968 டிசம்பரில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து போயினர்.

கடனாளி அரசு மட்டுமன்று. ஜும்ஆ தோறும் மிம்பரின் முன்னமர்ந்து மனிதர் யாவரும் ஆதமின் மக்கள் என்று கேட்டுத் தலையசைக்கிறோம், அதுவும் இக்றாரே. நம் இல்லங்கள் சிலவற்றில் வேலைக்கு வரும் பெண்ணுக்கென்று ஒரு குவளை பின்கட்டில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், சுத்தத்துக்காக என்று விடை சொல்லப்படுகிறது. வீட்டார் உண்ணும் தட்டுகளை நாள்தோறும் கழுவி அடுக்கி வைப்பவர் அந்தப் பெண்தான்.