உரித்தல்

இஸ்திரிப் பெட்டியின் வயர் பிளக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சவர பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே நூல் பின்னல், அதற்கடியில் பஞ்சுத் திணிப்பு, அதற்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று கம்பிகள். பின்னலை அறுத்த வேகத்தில் பிளேடு பச்சையின் மேலும் இறங்கிவிட்டது. தோலை இழுத்தபோது பாதிச் செப்பு இழைகளும் சேர்ந்தே வந்தன. வெட்டிவிட்டு மறுபடி சீவினால் பிளக்கின் பெரிய முனைவரை எட்டவில்லை. பச்சையை மடித்து உள்ளே தள்ளி மூடியைத் திருகினேன். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி சூடாயிற்று. பச்சை என்பது எர்த். நல்ல நாட்களில் அது எதையும் சுமப்பதில்லை. மின்சாரம் கசிந்து பெட்டியின் உலோக உடம்பில் ஏறுகிற நாளில்தான் அதற்கு வேலை. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மூடினேன்.

இரண்டு மாதம் என் மனைவி அந்தப் பெட்டியைத்தான் பிடித்துத் துணி தேய்த்தாள். பிறகு மின்விசிறிக்காக வந்த வயர்மேன், கிடந்த பிளக்கைக் கையில் எடுத்து, ஆடுகிறதே என்று திறந்தார். “பச்சை எங்கே சார்?” என்றார். நான் ஏதோ முனகினேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் மூன்றையும் வெட்டி, எர்த்துக்கு மட்டும் கொஞ்சம் நீளம் விட்டு, புதிதாக உரித்து மாட்டினார்.

அந்த இரண்டு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் தார்மீக அதிர்ஷ்டம் என்ற பிரச்சினையை எழுப்பினார்கள். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டி ஓட்டுகிறவன் முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வருவதும் வராததும் அவன் கையில் இல்லை. ஆனால் குழந்தை வந்துவிட்டால் நம் தீர்ப்பும், அவன் தனக்கு அளித்துக்கொள்ளும் தீர்ப்பும் மாறிவிடுகின்றன. இதை நான் ஒரு புத்திசாலித்தனமான புதிராகவே படித்திருந்தேன். பிளக்கைத் திறந்த பிறகு, விளைவைவிட அந்த மூடிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நேகலின் ஓட்டுநர் அசட்டையானவன், அவ்வளவுதான். நான் பார்த்துவிட்டு மூடியவன்.

வயர்மேன் உரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கத்தியை நிமிர்த்திப் பிடித்து வட்டமாகச் சுற்றி அறுத்தால் உறை உறைபோலவே கழன்று வரும், பார்க்கவும் அழகு. அவர் அப்படிச் செய்யவில்லை. பென்சில் சீவுகிற மாதிரி கத்தியைச் சாய்த்து, உள்ளிருந்து முனையை நோக்கிச் சீவினார். வட்டமாக அறுத்தால் செப்பின்மேல் மோதிரம்போல் ஒரு கீறல் விழும். மின்சாரம் அதைப் பொருட்படுத்துவதில்லை. கம்பியை வளைத்துப் பெட்டிக்குள் திணிக்கும்போதும், பிறகு யாராவது இழுக்கும்போதும் வளைவின் பாரமெல்லாம் அந்தக் கோட்டில் குவிகிறது. ஒரு நாள் அங்கேதான் ஒடியும். அதற்குள் உரித்தவன் கூலி வாங்கிக்கொண்டு போய் வருஷங்கள் ஆகியிருக்கும்.

ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சுபாவம். பழைய வீடுகளின் மரப்பட்டிக்குள் ஓடிய ரப்பர் வயரில் செப்பின்மேல் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தகம் செப்பை அரிக்கும் என்பதால், காப்பிடமிருந்தே கம்பியைக் காக்க இன்னொரு காப்பு. வயதான அந்த ரப்பரை உரிக்கவே வேண்டாம், தொட்டால் உதிரும். இருபதாம் கேஜில் மூன்று இழை கொண்ட 3/20இல் ஒரு இழை அறுந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. விசிறி மோட்டாரின் சுருள் கம்பி வெறும் செப்பாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அதன்மேல் எனாமல் இருக்கிறது, உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் மின்சாரம் போகாது. (தம்மை முழுக்கத் திறந்து வைத்துவிட்டதாகச் சொல்லும் சில கவிதைகள் இந்த ஜாதி.) அலுமினியத்தின் கதை இன்னும் விசித்திரம். உரித்த கணத்தில், காற்றுப் பட்ட மாத்திரத்தில், ஆக்ஸைடு படர்ந்து தனக்கே ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோலும் மின்சாரத்தைக் கடத்தாது. வெறுமையாக நிற்பது அதற்குச் சாத்தியமே இல்லை.

ஆங்கிலத்தின் இன்சுலேஷன் தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது, துண்டித்து நிறுத்துவது. தமிழில் நாம் வைத்த பெயர் காப்பு. கைக்கு அணிவதும் காப்பு, நூலின் முகப்பில் வைக்கும் செய்யுளும் காப்பு. நம் விமர்சனம் இந்தச் சொல்லை அறிந்ததாகத் தெரியவில்லை. உறை என்றாலே பொய், உள்ளே இருப்பதே நிஜம் என்ற ஸ்தூலமான நம்பிக்கையில் நாம் ஒரு தலைமுறையாகக் கத்தி வீசிக்கொண்டிருக்கிறோம். உறையில்லாத கம்பியில் மின்சாரம் ஓடாமலில்லை. பக்கத்துக் கம்பியைத் தொட்டால், ஓட வேண்டிய இடத்துக்குப் போகாது. வயர்மேன் அரை அங்குலம்தான் உரிக்கிறார், திருகுக்குள் போகிற அளவு. எங்கே இணைக்கப்போகிறோம் என்பது தெரிந்த பிறகே எவ்வளவு உரிப்பது என்ற கேள்வி அவருக்கு எழுகிறது.

எங்கும் இணைக்கப்போவதில்லை என்றால் உரிப்பதே வீண்வேலையாகி, எரிப்பது சுலபமாகிவிடுகிறது. கானாவின் ஆக்ராவில் அக்போக்ப்ளோஷி என்ற இடத்தில், 2021இல் அதை இடித்து அகற்றும்வரை, இளைஞர்கள் கேபிள் சுருள்களைக் கொளுத்திச் செப்பு எடுத்தார்கள். பிளாஸ்டிக் உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்ஸின்களும் கிளம்புகின்றன. டையாக்ஸின் உண்டாக அந்தச் செப்பே துணைபோகிறது. எரித்த செப்புக்கு, உரித்தெடுத்த செப்பின் விலையும் கிடையாது. பசித்தவன் எரிப்பதைக் கண்டிக்க எனக்கு யோக்யதை இல்லை. பசியில்லாமல் எரித்தவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிஞரின் முதல் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அவருடைய படிமங்கள் வெறும் போர்வை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டி, உள்ளே மெலிந்த ஒரு சுயபச்சாதாபம் தவிர வேறில்லை என்று முடித்தேன். வெட்டு சுத்தமாக இருந்தது. நண்பர்கள் கடிதம் எழுதிப் பாராட்டினார்கள். எழுதும்போதே ஒரு கவிதையில், கடைசியாக வரும் கிணற்றடிக் கவிதையில், என் கத்தி படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது எனக்குத் தெரியும். அதைப்பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன், கட்டுரையின் ஓட்டம் கெடுகிறது என்று எடுத்துவிட்டேன். அவர் பிறகு எழுதவில்லை. எழுதாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், கல்யாணம், இடமாற்றம், சோம்பல். யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

பிளக்கைப் பற்றி மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. பெட்டி முன்போலவே சூடாகிறது. நேற்று ராத்திரியும் என் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள்.