ஆற்றலரிக்கு வாசனை இல்லை

சண்டே ஸ்கூலில் 'கூடாரப் பண்டிகை' என்று ஒப்பித்த நாட்களில், சந்தையில் கட்டும் தார்ப்பாய்ப் பந்தல்தான் என் மனதில் வரும். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக நாகர்கோவிலிலிருந்து ஜெருசலேம் வந்த பிறகுதான் அந்தக் கூடாரத்தை, யூதர்கள் சுக்கா என்பதை, நேரில் பார்த்தேன். மூன்றாம் மாடி பால்கனியில் பலகை அடைத்து, மேலே ஓலை பரப்பிய குடிசை. கூரை வெயிலைவிட நிழலை அதிகம் தர வேண்டும். ஆனாலும் இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும். ஏழு நாளும் சாப்பாடு அதற்குள்தான்.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரை 'சபா' என்பேன். எபிரேயத்தில் தாத்தா. எங்கள் ஊரிலோ சபை என்றால் சர்ச். அந்தச் சபையில் இரண்டு கோஷ்டி. குருத்தோலை ஞாயிறு பவனி எந்தத் தெரு வழியாகப் போவது என்பதிலேயே கைகலப்பு வந்திருக்கிறது. இந்தப் பண்டிகையில் நான்கு வகைகளைக் கையில் பிடிக்கிறார்கள். இங்கேயும் முதலாவது குருத்துதான், ஆனால் பேரீச்சங்குருத்து, லூலாவ் என்கிறார்கள். அதன் வலப்பக்கம் மூன்று மிருதுச்செடிக் கிளை, இடப்பக்கம் இரண்டு ஆற்றலரி (வில்லோ) கிளை சேர்த்துக் கட்டுவார்கள். நான்காவது எத்ரோக், கடாரங்காயை நினைவூட்டும் மஞ்சள் பழம். பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி இருக்கிறதா என்று சோதித்துத்தான் சபா அதை வாங்குவார். ஆற்றலரியை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஈரத்துணியில் சுற்றி, கறிவேப்பிலை மாதிரி ஃப்ரிட்ஜில் வைப்பது என் வேலை.

வாயிக்ரா ரப்பா என்ற பழைய விளக்கநூலில் உள்ளதைச் சபாதான் சொன்னார். எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு: வேதமும் படித்து, நற்செயலும் செய்கிறவர்கள். பேரீச்சைக்குச் சுவை மட்டும்: படிப்பு உண்டு, செயல் இல்லை. மிருதுச்செடிக்கு மணம் மட்டும். ஆற்றலரிக்கு இரண்டும் கிடையாது. அப்படிப்பட்டவர்களை அழிக்கவா முடியும்? எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டுங்கள், ஒருவர் குறையை மற்றவர் ஈடுசெய்யட்டும் என்கிறாராம் கடவுள்.

"ஆற்றலரி யார் சபா?" என்று கேட்டேன்.

"எதிர்வீட்டுக்காரனைக் கேள், என்னைக் காட்டுவான்" என்று சிரித்தார்.

எனக்குப் பிடித்தது, ஆற்றலரியை மணக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை என்பதுதான். எங்கள் ஊரில் ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறவர், நீயும் என் பக்கம் வந்துவிடு என்றுதான் பேசுவார். ஒன்று மட்டும் உறுத்தியது. எல்லாச் சிறப்பும் உள்ள எத்ரோக் கட்டுக்குள் வருவதில்லை. அது இடது கையில் தனியாக இருக்கிறது. கட்டோடு சேர்த்துப் பிடித்தால்தான் கணக்கு. பெரிய மனிதர்களைக் கட்டிப்போட முடியாது போலும்.

ஒரு வருடம் மூன்றாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால், ஆற்றலரி இலையெல்லாம் கொட்டிக் கிடந்தது. பெரும்பாலான இலை உதிர்ந்தால் செல்லாது. நான்கில் ஒன்று இல்லையென்றாலும் சடங்கு நிறைவேறாது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய எத்ரோக்கோடு சபா காத்திருந்தார். நான் இறங்கி ஓடி, தெருமுனையில் விற்ற பையனிடம் சில ஷெகெலுக்கு இரண்டு கிளை வாங்கி வந்தேன்.

இந்தக் கட்டில் எனக்கு இடம் உண்டா? விளக்கநூல் இஸ்ரவேலைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் எண்ணாகமம் 29ஆம் அதிகாரத்தில் இந்தப் பண்டிகைக்கு முதல் நாள் பலி 13 காளைகள், பிறகு தினம் ஒன்று குறைந்து ஏழாம் நாள் 7. கூட்டினால் 70. அது உலகின் எழுபது இனங்களுக்காக என்று தல்மூது சொல்கிறது. வாசல் கொஞ்சம் திறந்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். சுக்காவில் என் நாற்காலி கதவோரம்.

சபாவின் மகன் கறுப்புத் தொப்பி போடும் தீவிர வைதிகர். அவர் பிள்ளைகள் யெஷிவாவில் வேதம் படிக்கிறார்கள். மகள் ஜெபாலயப் பக்கமே போகாதவர்; அவர் பையன் ராணுவத்தில். யார் பிள்ளை துப்பாக்கி தூக்குவது என்ற சண்டை ஒவ்வொரு வருடமும் சூப்போடு சேர்ந்து வரும்.

ஏழாம் நாள் ஹோஷானா ரப்பா. அன்று ஆற்றலரிக்குத் தனி முறை. ஐந்து கிளைகளைக் கட்டித் தரையில் அடிப்பார்கள். சபாவுக்குக் குனிய முடியாது. மகனிடம் நீட்டினார், அவர் அடித்தார். பிறகு மகளிடம் நீட்டினார். இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கி, அண்ணனைவிட ஓங்கி அடித்தார். பச்சை இலை பால்கனி முழுக்கச் சிதறியது. நான் துடைப்பம் எடுத்து வந்தபோது, குப்பையள்ளும் தட்டை யார் பிடிப்பது என்று அண்ணனும் தங்கையும் அடுத்த சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.