இரவல் கை

பழவங்காடியில் தேர்வுக் காலம் வந்துவிட்டதைக் கணபதி கோயில் வாசலில் உடையும் தேங்காய்களே அறிவித்துவிடும். 2023ஆம் ஆண்டில் அத்தகைய ஒரு காலையில் நாமும் ஒரு தேங்காய் உடைத்தோம். தேர்வெழுத இருந்தவர் நம் தெருவில் வாழ்ந்த, பார்வையற்ற முதுகலை வரலாற்று மாணவர். அவர் சொல்லச் சொல்ல எழுதும் பணி நம்முடையது. மாணவர் தாமே அழைத்துவரும் எழுத்தர் அவரினும் ஒரு படி குறைந்த கல்வியுடையவராதல் வேண்டும் என்றது மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை. அலுவலகத்தில் ஒரு படியும் ஏற்றிவிடாத நம் பி.ஏ. பட்டம் அன்று பயன்பட்டது.

மூன்று மணித் தேர்வுக்கு அவருக்கு நான்கு மணி. மணிக்கு இருபது நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் என்பதும் அந்நெறிமுறை கூறியதே. “என் மகனுக்கு மூன்று, அவருக்கு நான்கு, இது என்ன நியாயம்?” என்றார் அலுவலக நண்பர் ஒருவர். தீய நெஞ்சிலிருந்து வந்த கேள்வியன்று. ஆகவே விடை கூறக் கடமைப்பட்டோம்.

அந்த ஒரு மணி எங்கே செலவாகிறது என்பதை அருகில் அமர்ந்தவரே அறிவர். கண்ணுள்ளவர் வினாத்தாளை ஒரு பார்வையில் அளந்து, எதை எழுதுவது, எதை விடுவது என முடிவு செய்துவிடுகிறார். நாமோ வினாக்களை மும்முறை வாசித்தோம். அயற்பெயர் வரும்போதெல்லாம் அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஒவ்வொரு பத்தியையும் திரும்பப் படித்துக் காட்டினோம். அதைக் கேட்டுத்தான் அடுத்த பத்தியை அவர் தொடங்க முடிந்தது. தேர்வு அளக்க வந்தது வரலாற்றறிவையா, கண்ணின் விரைவையா?

மேலும், இம்மாணவர் எழுத அறியாதவர் அல்லர். பிரெயில் அவருக்குக் கைவந்த எழுத்து. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் தமிழின் ககரமும் மலையாளத்தின் ககரமும் ஒரே வடிவம். நம் கண்ணுக்கு வேறுபட்டு நிற்கும் இரு மொழிகள் அவர் விரலுக்கு அத்துணை நெருக்கம்! ஆயினும் அவர் பிரெயிலில் எழுதினால் விடைத்தாளைத் திருத்துவோர் படிக்க இயலாது. அங்ஙனமாயின் நாம் ஈடு செய்யச் சென்றது எவருடைய குறையை?

இதனாலேயே ‘சலுகை’ என்னும் சொல் நமக்கு உவப்பாயில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்தரையும் கூடுதல் நேரத்தையும் கல்வி உரிமையோடு சேர்த்தே பேசுகிறது. எழுதும்போது கை இறுகும் நோயுடைய ஒருவருக்கு எழுத்தர் மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில், நாற்பது விழுக்காட்டுக் குறைபாடு என்னும் வரம்பை எட்டாதவரும் எழுத்தரைப் பெறலாம் என்று 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நண்பர் இதைக் கேட்டுத் தலையசைத்தார். முழுதும் ஒப்பினார் என்று கூற மாட்டோம்.

ஆனால் கை கொடுத்தவன் எவ்வாறு நடத்தல் வேண்டும்? அன்று நம்மை வருத்திய கேள்வி அதுவே.

திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச விளம்பரம் பற்றிய வினா வந்தது. மாணவர் அழகாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஆண்டு 1938 என்றார். 1936 என்பது இந்நகரில் வாழும் எவருக்கும் தெரியும். பேனா நின்றது. எட்டை ஆறாக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேற்பார்வையாளர் சன்னலருகே நின்றிருந்தார். மாணவரோ ஒருபோதும் அறியப் போவதில்லை. அறியப் போவதில்லை என்பதே நம்மைத் தடுத்தது. திருத்தினால் அம்மதிப்பெண் நம்முடையதாகும். நான்கு மணி நேரம் அவர் உழைத்த தாளில் நம் கையொப்பம் விழும். சொன்னபடியே எழுதினோம்.

எழுதியதை வாசித்துக் காட்டியதும், “ஏன் நின்றீர்கள், சார்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை.

சற்று நேரம் விரல்களை மடக்கி எண்ணியவர், “தவறென்று இப்போது தெரிகிறது. ஆனால் அது உங்கள் பேனா சொல்லித் தெரிந்தது. அப்படியே இருக்கட்டும்” என்றார்.

அடுத்த வினாவை வாசித்தோம். எஞ்சிய நேரம் முழுவதும் பேனா நில்லாதவாறு பார்த்துக்கொண்டோம்.