தீர்ப்புக்குப் பின்னும் வளரும் பிள்ளை

மணவிலக்கு முடிந்துவிட்டது, ஜீவனாம்சம் இவ்வளவு, பிள்ளை இன்னாரிடம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. சில ஆண்டுகள் கழித்து அந்தத் தொகையை மாற்றும்படி ஒருவர் கேட்டால், அது நியாயமா, சொல் தவறுவதா? என் முடிவு இது: பிரித்துக்கொண்ட சொத்தின் கணக்கு தீர்ந்தது தீர்ந்ததுதான், ஓர் உயிரைப் பராமரிக்கும் கடனோ அந்த உயிரின் தேவையை ஒட்டி மாறவேண்டும்.

காரைக்காலை அடுத்த நெரவியிலிருந்து பார்த்தால் இதற்கு இரண்டு சட்ட மரபுகள் சாட்சி சொல்கின்றன. பிரெஞ்சு ஆட்சியில் 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தங்கள் குல வழக்கைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார்கள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேச ரெனோன்சான்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. மற்ற இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே. சூழ்நிலை மாறினால் ஜீவனாம்ச ஆணையைத் திருத்தலாம் என்கிறது அதன் 25ஆம் பிரிவு; பிள்ளைகள் பற்றிய ஆணைகளை அவ்வப்போது மாற்றலாம் என்கிறது 26ஆம் பிரிவு. பிரான்சின் இன்றைய சட்டத்தில், மணவிலக்கில் துணைவருக்கு மொத்தத் தொகையாகத் தீர்மானித்த ஈட்டின் அளவை நீதிமன்றம் பிறகு மாற்றுவதில்லை, செலுத்தும் தவணையை மட்டுமே தளர்த்தும். பிள்ளைக்கான தொகையையோ சூழ்நிலை மாறினால் மறுபரிசீலனை செய்யும். வேறுவேறு வேர் கொண்ட இரண்டும் பிள்ளை விஷயத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா கொண்டாடும் இந்த மண்ணுக்கு இந்த உண்மை புதிதல்ல. அந்த விழாவுக்கு மூலமாகச் சேக்கிழார் சொல்லும் வரலாற்றில் பரமதத்தன் தன் மனைவி புனிதவதியாரைப் பிரிந்து, பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து, மகளுக்கு அவர் பெயரையே வைக்கிறான். பிறகு புது மனைவியோடும் மகளோடும் புனிதவதியாரின் காலில் விழுகிறான். இது பக்திக் கதை, சட்டத்துக்கு முன்னுதாரணம் ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆனால், மனைவி என்ற உறவு முடிந்தபின்னும் அவருக்குத் தான் பட்ட கடன் முடியவில்லை என்பதை அவன் உணர்ந்திருந்தான். அந்த உணர்வுதான் இங்கே நமக்கு வேண்டியது.

ஒப்புக்கொண்ட சொல்லைக் காப்பதே வாய்மை அல்லவா என்பது வலுவான மறுப்பு. ஆனால் வள்ளுவர் வாய்மையைத் தீமை விளையாமையைக் கொண்டே அளக்கிறார். பத்திரத்தில் எழுதிய தொகை, ஒருவர் பசியின்றி வாழ்வதற்காக எழுதப்பட்டது. அது அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போதாமல் போனபின் எண்ணை மட்டும் காப்பது, சொன்னதன் நோக்கத்தைக் கைவிடுவதாகும். தவிர, பிள்ளை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை; தன் பங்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை. இதே நியாயம் கொடுப்பவருக்கும் உண்டு: வேலையோ உடல்நலமோ இழந்தவரிடம் பழைய தொகையையே கேட்பதும் அறமாகாது.

அப்படியானால் சண்டை ஓயவே ஓயாதே என்பார்கள். இந்த அச்சத்தை மதிக்கிறேன். அதனால்தான் சொத்துப் பிரிவினையைத் திறக்கக்கூடாது என்கிறேன். குறைவாக வாங்கிவிட்டோமே என்ற வருத்தம் சூழ்நிலை மாற்றமாகாது. மாறியதை நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. சண்டையைத் தவிர்க்க நல்ல வழி, மாற்றத்தை முதலிலேயே எழுதிவைப்பது. 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாய் ஜீவனாம்சம் விதித்தபோது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்த்தவும் சொன்னது. விலை ஏறும், பிள்ளை வளரும் என்று தெரிந்தே எழுதும் ஒப்பந்தத்தில், சொல்லைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றாகிவிடும்.